ஒரு பிடி பச்சரிசியும் நாலடித் தொட்டியும்

மகனுக்குப் போட வேண்டிய வாய்க்கரிசியைத் தன் வாயில் போட்டு மூடிக்கொண்ட ஜானு மாமி, அதற்குப் பிறகு வந்த மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். சாய்சரணுக்கு இருபத்தாறு வயது. தரமணிக்குப் போகும் ஆபீஸ் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டான். இதயம் என்றார்கள். சித்திரக்குளம் பக்கத்து வீட்டுக் கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தபோது வாத்தியார் மாமியின் கையில் ஒரு பிடி பச்சரிசியைக் கொடுத்து, "போடுங்கோ மாமி, நாழியாறது" என்றார். மாமி குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அரிசியைத் தன் வாயில் போட்டு உதட்டை மூடிக்கொண்டாள். நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்த வாத்தியாருக்கு இதற்குச் சாஸ்திரத்தில் என்ன பரிகாரம் என்று தெரியவில்லை. பரிகாரம் தெரியாததால் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. மற்ற காரியங்கள் முறைப்படி நடந்தன.

பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் ஒரு மனுஷி எத்தனை நாள் இருப்பாள் என்று முதலில் எல்லோரும் பயந்தார்கள். டாக்டர் எடை பார்த்தார், ஐம்பத்து நான்கு கிலோ. ஒரு மாதம் கழித்தும் ஐம்பத்து நான்கு. ஆறு மாதம் கழித்தும் அதே. எடை மெஷினை மாற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது சுகர் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். மாமி வாய்ப்பாட்டு டீச்சர். வாயை மூடியபடியே பாடம் நடந்தது. விரலால் ஸ்வரம் காட்டுவாள், அபஸ்வரம் வந்தால் புருவம் ஏறும். அந்த மார்கழியில் மேடையேறிய இரண்டு மாணவிகள் சுருதி விலகாமல் பாடியதால் தை மாதம் புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்த விஷயத்தில் ஊர் வாய் ஆறே மாதத்தில் தானாக மூடிக்கொண்டது.

பழக முடியாதவர் அவள் கணவர் கிச்சா ஒருவர்தான். இன்ஷூரன்ஸில் இருந்து ரிடையர் ஆனவர். தினமும் ரசம் வைத்து, இரண்டு தட்டு போட்டு, "ஒரே ஒரு வாய், ஜானு" என்பார். அவள் அவருக்குப் பரிமாறுவாள். "முப்பத்தோரு வருஷமா ஏன்னா, ஏன்னான்னு கூப்ட்டு என் பிராணனை வாங்கிண்டிருந்தே. இப்போ ஒரு தரம் கூப்பிடேன்" என்று ஒருநாள் கேட்டுவிட்டுத் தட்டிலேயே அழுதார். பிள்ளையையும் இழந்து, பெண்டாட்டியின் குரலையும் இழந்த மனிதருக்கு வேறென்ன ஆசை இருக்கும்?

மீன் தொட்டி வந்தது சாய்சரண் போன பதிமூன்றாம் நாள். தி.நகரில் மீன் கடை வைத்திருக்கும் வலியுல்லாவுக்கு விஷயமே தெரியாது. நாலடிக் கண்ணாடித் தொட்டியை ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "சாய் தம்பி ஆர்டர் குடுத்தது சார். போன் எடுக்க மாட்டேங்கறாரு, அதான் நானே எடுத்துக்கினு வந்துட்டேன்." கூடத்தில் மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார். திரும்ப எடுத்துப் போகிறேன் என்றார். மாமி வந்து கண்ணாடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அதனால் தொட்டி ஒரு வருடம் காலியாகவே கூடத்தில் இருந்தது. வருஷாப்திகம் முடிந்ததும் பெங்களூரில் இருக்கும் மகள் மஹதி, "அம்மா பார்த்துண்டிருக்க ஏதாவது வேணும்ப்பா, மீன் வாங்கி விடு" என்றாள்.

வலியுல்லா வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொன்னார். கிச்சா தங்க மீன் வாங்குவதாக நினைத்துக்கொண்டு போனார். வலியுல்லா பாட்டிலில் சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "உங்க வூட்டு பக்கெட்ல வெள்ளையா உப்பு பூத்துக் கீதுல்ல, அந்த போர் தண்ணி இது. ஆப்பிரிக்கா சிக்லிட்தான் சார் இதுக்கு கரெக்ட்டு. அங்க ஏரித் தண்ணியே இப்படித்தான் கீது. ஆனா சண்டக்கார மீனு. ஒரே ஜாதியா எடுங்க. ஆண் ஒண்ணு, பொண்ணு அஞ்சு. கல்லு நெறைய அடுக்கணும், ஒளியறதுக்கு."

கிச்சா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கொலுவுக்குப் பொம்மை எடுப்பதைப்போல ஜோடி ஜோடியாக எடுத்தார். நீலத்தில் ஒரு தம்பதி, மஞ்சளில் ஒரு தம்பதி, வரி போட்டதில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. "அஞ்சு பொண்டாட்டியெல்லாம் வேண்டாம். ஆத்துக்குக் குழந்தைகள் பாட்டுக் கத்துக்க வரா" என்றார். "மீனுக்கு இன்னா சார் முகூர்த்தமா பாக்கறீங்க?" என்று வலியுல்லா சிரித்தார். பதினைந்தாம் நாள் நீலத்துக் கணவன் தன் மனைவியைக் கடித்துக் கொன்றது. பிறகு மற்றவர்களிடம் வந்தது. ஆடி பிறப்பதற்குள் அது மட்டும்தான் மிச்சம், அதுவும் கண் போய், நாலாம் நாள் மிதந்தது. ஒவ்வொன்றையும் முருங்கை மரத்தடியில் புதைத்தபோது கிச்சா தன் ராசியைத்தான் திட்டிக்கொண்டார். இரண்டாம் தடவை அவர் வாயைத் திறக்கவில்லை. வலியுல்லாவே தேர்ந்தெடுத்து, எலுமிச்சம்பழ நிறத்தில் ஆறு மீன்களைக் கொண்டுவந்து, கல் அடுக்கி விட்டுப் போனார். அவை பிழைத்தன. மாமி தினமும் பாடம் முடிந்ததும் தொட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டுக்கொள்வாள்.

அடுத்த வருடம் பெண் மீன்களில் ஒன்று சாப்பிடுவதை நிறுத்தியது. தொண்டை உப்பியிருந்தது. இரை போட்டால் கல்லிடுக்குக்குள் போய்விடும். நோய் என்று பயந்து கிச்சா வலியுல்லாவைக் கூப்பிட்டார். "நோய் இல்ல சார், வாய்ல முட்டை வெச்சுக்கினு கீது. குஞ்சு பெருசாகிற வரைக்கும் துன்னாது. பதினெட்டு நாளு போவட்டும், நான் வந்து வாயைத் திறந்து எடுத்துடறேன். இல்லாங்காட்டி, வெளிய விட்டதும் மத்ததுங்க துன்னுடும்." மாமி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பதினெட்டு நாள் முடிகிற வாரத்தில் மஹதி ஒரு ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்திருந்தாள். மயக்க மருந்து கொடுத்து அம்மாவின் தாடையைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கிச்சா கையெழுத்துப் போட்டுவிட்டார். அதை மாமியிடம் சொல்ல மூன்று நாள் யோசித்து, கடைசியில் சொல்லவும் செய்தார். மாமி எழுந்து போய்த் துணி மடித்தாள்.

சனிக்கிழமை வலியுல்லா வலையும் கிண்ணமுமாக வந்தார். மாமி தொட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "மாமி வாணாங்கறாங்க சார்" என்றார் வலியுல்லா. கிச்சாவுக்குக் கோபம் வந்தது. "அது சாப்ட்டு மூணு வாரமாறது, ஜானு. செத்துப் போயிடும். நீ நகரு" என்று, மீனுக்கும் அவளுக்கும் சேர்த்துச் சத்தம் போட்டார். அப்போது மீன் தானாகவே வாயைத் திறந்தது. எள்ளளவு மஞ்சள் குஞ்சுகள், பதினொன்று, வெளியே வந்து அதன் முகத்தைச் சுற்றின. வலியுல்லாவின் கை நிழல் கண்ணாடியில் விழுந்ததும் அத்தனையும் ஒரே பாய்ச்சலில் திரும்ப உள்ளே போயின. மீன் வாயை மூடிக்கொண்டது.

மாமி கிச்சாவின் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தாள். அவர் எதிரில் நின்று, மெதுவாக, வாயைத் திறந்தாள். அரிசி போட்ட மாதிரியே வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒரு மணிகூட நனைந்திருக்கவில்லை. அதற்கும் உள்ளேயிருந்து சன்னமாக ஒரு விசில் சத்தம் வந்தது. நின்றது, மறுபடி வந்தது. சளி பிடித்தால் சாய்சரண் தூங்கும்போது மூக்கில் அப்படித்தான் வரும். ஐந்து வயசிலும் வந்தது, இருபத்தாறிலும் வந்தது. எத்தனை ராத்திரி பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம் அது. வலியுல்லாவுக்கும் கேட்டது.

கிச்சா, இரண்டு வருடமாக எந்த வாய் திறக்க வேண்டும் என்று கெஞ்சினாரோ, அந்த வாய்க்கு முன்னால் தன் உள்ளங்கையைக் குவித்து, காற்றுப் படாமல் பிடித்துக்கொண்டார்.

"மூடிக்கோ, ஜானு" என்றார் ரகசியமாக. "தூங்கறான்."

மாமி மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு யாரும் போகவில்லை. வலியுல்லா அன்று வலையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படி இறங்கிப் போனார்.