எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம்

1

புது நிலையத்துக்கு முதல்முறை கிளம்பிய அன்று காலை ஹினெக் ரொட்டிகளுக்கு வெண்ணெய் தடவி, இரண்டு பொட்டலமாகக் கட்டினான். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. முன்பெல்லாம் ஒரே பொட்டலம். பிராகில் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசையில் முப்பது வருடம் வேலை பார்த்த கணவன் மனைவி, எங்களுக்கு எதற்கு இரண்டு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டார ஆராய்ச்சி நிதியானது பல்வேறு...

(இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். நானே தூங்கிவிடுவேன்.) பின்தங்கிய வட்டாரங்களுக்கே அந்தப் பணம். பிராக் பணக்கார ஊர்; எங்கள் கூடத்தின் கூரை ஒழுகினாலும் பணக்கார ஊர். அதனால் புதிய ஆய்வு நிலையத்தை நகர எல்லைக்கு வெளியே, ஒரு கடுகு வயலில் கட்டினார்கள். புது நுண்ணோக்கி அங்கே. அதை எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது. ஹினெக் அதன் பின்னால் போனான். நான் போகவில்லை.

2

மதியம் எல்லைப் பலகையடியில் சாப்பிடுவோம். பிராக் இத்துடன் முடிகிறது என்று ஊர்ப் பெயரின் மேல் சிவப்புக் கோடு இழுத்த பலகை. அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"இந்த ஏழைக்கு ஒரு ஊறுகா வெள்ளரிக்கா போடு மகராசி," என்பான்.

"ஒங்க பக்கத்துக்குத்தான் ஐரோப்பாவே படியளக்குதே."

"அப்ப நீயும் வாயேன், பிளாங்கா. மிஷின் முன்னால ரெண்டு நாற்காலி. ஒண்ணுல என் கோட்டு ஒக்காந்திருக்கு."

(இவ்வளவு அழகாகவா பேசினான்? சந்தேகம்தான். கோட்டு மட்டும் உண்மை.)

3

ஒரு நாள் மதியம் 'சரி, வருகிறேன்' என்று சொல்லத்தான் போனேன். பலகையடியில் காத்திருந்தேன். நுண்ணோக்கியின் முன்னாலேயே அவனுக்கு மாரடைப்பு.

கதைக்கு ஒரு முடிவு: தாமதமாக வருகிறான், திட்டுகிறேன். எழுதி அடித்துவிட்டேன். இன்னொன்று: மருத்துவமனையில் என் 'சரி' அவன் காதில் விழுகிறது. (மருத்துவமனை வரை உயிர் இருக்கவில்லை.)

4

போன வாரம் நிலையத் தலைவி மிலாதா வந்தாள். அவன் பாதியில் விட்ட வேலையைத் தொடர என்னால்தான் முடியுமாம்.

"திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க. ஆளில்லாட்டி மிஷின வேற வட்டாரத்துக்குத் தூக்கிடுவாங்க. நம்மள விட ஏழைங்க வரிசையில நிக்கிறாங்க."

நாளை திங்கள். அவன் இல்லாத பக்கத்துக்கு நான் போவேனா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நான் பொய்யாக இருந்தேன். நீங்கள் எழுதுங்கள்.

மதியங்களில் பலகையடிக்கு நான் போய்வந்த பேருந்தில், எல்லை நிறுத்தம் நெருங்கும்போது, கட்டண மண்டலம் மாறுகிறது என்று அதே பெண்குரல் இன்றும் அறிவிக்கிறது.