எதிர்த்திருகு

ஈஸ்வரன் மூன்றாவது முறையாகத் தேங்காய் எண்ணெயைத் தொட்டு அம்மாவின் மூக்குத்தியைச் சுற்றித் தடவினான். திருகு அசையவில்லை.

“வரலையே ஐயா,” என்றான், வாசலில் நின்ற பாஸ்டர் ஜோஸைப் பார்த்து.

மாரித்தாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சோலை மகனின் விரல்களையே பார்த்தார். நாற்பத்தோரு வருடங்களுக்கு முன்பு, கல்யாணத்துக்காக அவர் கம்பத்தில் வாங்கிய மூக்குத்தி. ஆசாரி மரையை மாற்றி வெட்டிவிட்டார். மற்ற திருகெல்லாம் கழலும் பக்கம் திருகினால் இது இறுகும். அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நேற்று தேயிலைக் கொழுந்துக்காட்டிலிருந்து பாதியில் வந்து, “நெஞ்சு என்னமோ செய்யுது” என்றாள்; ஜீப் ஏலப்பாறை ஆசுபத்திரியைத் தொடும் முன்பே போய்விட்டாள். இன்னொருவர் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்பு, மகனோடு பாஸ்டர் ஜோஸின் ஜெபவீட்டுக்குப் போய் ஞானஸ்நானம் எடுத்தபோது, அங்கே நகை கூடாது என்பதால் மாரித்தாய் தோட்டையும் வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். மூக்குத்தியை மட்டும், “சதையோட ஒட்டிருச்சு ஐயா, வராது” என்றாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். ஒரே திருகில் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். சோலைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் கும்பிடுவது மாடசாமியை. அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

பாஸ்டர் ஜோஸ் உள்ளே வந்து சோலையின் பக்கம் குனிந்தார். கெட்டவர் இல்லை, நேற்று ஆசுபத்திரியில் எல்லாவற்றுக்கும் ஓடியது அவர்தான்.

“அப்பச்சா, கோபப்படாதீங்க. கர்த்தருடைய ரகசிய வருகை பக்கத்துல வந்தாச்சு. ஆயத்தமா இருக்கிறவங்கள மட்டும்தான் மேல எடுப்பாரு. அம்மச்சிய நகையோட நம்ம கல்லறையில வைக்க முடியாது.”

“மேல எடுக்கலைன்னா?” என்றார் சோலை.

“கைவிடப்பட்டவங்க. அதுக்கப்புறம் பூமியில ஏழு வருஷம் உபத்திரவம்.”

ஜன்னலோரம் நின்ற சின்னையன் தொண்டையைக் கனைத்தார். மாரித்தாய் முதலில் போய்க்கொண்டிருந்த மேட்டுச் சபையின் உபதேசியார் அவர். “ரகசியமும் இல்ல, ரெண்டு தரமும் இல்ல. கடைசி நாள் ஒண்ணுதான். அன்னைக்கு எல்லாரும் ஒண்ணாத்தான் எந்திரிப்பாக, மூக்குத்தி போட்டவுக, போடாதவுக எல்லாரும். சோலையண்ணே, எங்க கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டாங்க.”

“உபதேசியாரே, அப்போ அந்த ஏழு வருஷத்த எங்க கொண்டு வைப்பீங்க?” என்றார் பாஸ்டர்.

“அத நீங்கதான கொண்டு வந்தீக, நீங்களே வச்சுக்கோங்க.”

இதே அறையில் நடந்த ஜெபக்கூட்டம் சோலைக்கு நினைவு வந்தது. மாரித்தாய் கேட்டாள்: “ரகசியமா வாரவரு எக்காளம் எதுக்கு ஐயா ஊதணும்? லயத்துல எட்டு வீடும் முழிச்சுக்கிருமே.” பாஸ்டரே சிரித்துவிட்டார். பிறகு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு மாதிரிதான் இதுவும், பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் போச்சு என்று விளக்கினார். அதற்கும் விடவில்லை அவள். “எங்க கங்காணிகூட பிந்தி வந்தா அரைப்பேரு போட்டு அரைநாள் கூலி தருவாரே!”

எல்லோரும் போனபின் அடுப்படியில் சோலையிடம் மட்டும் சொன்னாள்: “பறக்கிறதுக்கு இந்த மூக்குத்தி கனம்னா, இருந்துட்டுப் போகட்டும். ஒங்கள இங்கன விட்டுட்டு நான் மேல போயி யாருக்குக் காப்பி போட?”

ஈஸ்வரன் எழுந்து போய்க் குறட்டோடு வந்தான். “வெட்டி எடுத்துருவோம்ப்பா.”

சோலையின் உள்ளங்கை மாரித்தாயின் முகத்தை மூடியது. “ஏலே, அத வையி.”

“அப்ப அம்மாவ எடுக்காமப் போகட்டுமா? நான் மேல போயி, அங்க அம்மா இல்லைன்னா?” நாற்பது வயதை நெருங்கும் மகனின் முகத்தில் இருந்தது பிடிவாதம் இல்லை, பயம் என்று சோலைக்கு அப்போதுதான் புரிந்தது.

“ஈசு, அது ஒட்டிப்போகல. எதிர்த்திருகு. நீ திருகுற பக்கம் இறுகும். ஒங்கம்மா நெனச்சிருந்தா ஆறு வருசத்துல எந்நேரமும் கழட்டியிருப்பா. அவ கழட்டல.”

பாஸ்டர் மாரித்தாயின் முகத்தையே பார்த்தார்.

“தெரிஞ்சுதான் போட்டிருந்தா. இப்ப ஒனக்கும் வழி தெரிஞ்சுபோச்சு. கழட்டணும்னா கழட்டு. பேரு கூப்பிடுறவருக்கு இவ மூஞ்சி தெரியாதாக்கும்? தெரியலைன்னா எங்கூடவே கெடக்கட்டும்.” சோலை கையை எடுத்துக்கொண்டார்.

ஈஸ்வரன் குனிந்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு குறட்டை ஜன்னலில் வைத்துவிட்டு, அம்மாவின் கன்னத்தில் வழிந்திருந்த எண்ணெயைத் துண்டால் ஒற்றி எடுத்தான்.

சோலை சின்னையனிடம் திரும்பினார். “ஒங்க தோட்டத்துல, நாளைக்கு நான் போனா, இவ பக்கத்துல இடம் தருவீகளா?”

உபதேசியார் தம் செருப்பைப் பார்த்தார். “சபை ரிஜிஸ்டர்ல பேரு இருக்கணுமேண்ணே.”

“அப்ப ரெண்டு பேரு தோட்டமும் வேண்டாம். தொழிலாளி இடுகாட்டுக்கே போவோம். அங்க எல்லாச் சாமி ஆளும் கெடக்காக.”

“அங்க வந்து ஜெபிக்க என்னால முடியாது, அப்பச்சா,” என்றார் பாஸ்டர்.

“ஜெபிக்க வேண்டாம். வந்து நில்லுங்க. நேத்து ஓடுனீகள்ல, அது போதும்.”

மதியம் தேயிலைச் சரிவில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. “காலு கிழக்க இருக்கட்டும், எந்திரிக்கையில வாரவரப் பாக்கணும்ல,” என்று சின்னையன் மட்டும் சொன்னார். அப்படியே குழியைக் குறித்தார்கள். பாஸ்டர் ஜோஸ் பாதையோரம் குடையோடு நின்றார். குழி வெட்டியவர்கள் மண்ணை இரண்டு பக்கமும் வாரிப் போட்டார்கள்.

“இடப்பக்கம் போடாதீங்கப்பா,” என்றார் சோலை.

“ஏண்ணே? மண்ணு எங்கிட்டுக் கெடந்தா என்ன?”

சோலை ஒரு ஆள் நீளத்துக்கு அந்த இடத்தைக் கண்ணால் அளந்தபடி நின்றார்.

ஈஸ்வரன் அப்பாவைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை வாங்கினான். இடப்பக்கம் விழுந்திருந்த மண்ணையெல்லாம், அடியில் புல் தெரியும்வரை, கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் தள்ள ஆரம்பித்தான்.