மூன்றாவது தடவை

அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பிசியோதெரபி பெண் வந்து அரை மணி நேரம் ஆகியும் திரும்பவில்லை. அவளும் எத்தனை நேரம்தான் ஒரு முதுகோடு பேசுவாள்? பையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"கையில உயிர் இருக்குக்கா. தொட்டுப் பாத்தா எனக்குத் தெரியுது. ஆனா அவர் முயற்சி பண்ணணும். இந்த ஆரம்ப மாசங்கள விட்டுட்டா அப்புறம் கஷ்டம். புதன்கிழமை வர்றேன். அன்னிக்கும் இப்படியேன்னா நான் வந்து பிரயோஜனம் இல்ல" என்றாள்.

அண்ணி முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், அழவேண்டிய இடத்தில் ஆத்திரம் வரும்.

பேசாமல் படுத்திருக்கிற ஆளா அவன்? ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "கிளட்ச்ச விடாத, விடாத, ஐயோ விட்டுட்டியா" என்று கத்தியே குடும்பத்தைக் காப்பாற்றியவன். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முழுவதும் அவன் குரல்தான் கேட்கும். பக்கவாதம் வந்தபோது காலைப் போனால் போகிறதென்று விட்டுவைத்தது. வலது கையையும் வாயையும் எடுத்துக்கொண்டது. கையைக்கூட மன்னிப்பேன், வாயை எடுத்தது அநியாயம். இரண்டரை மாதமாக ஒரு சொல் இல்லை.

எனக்கு மல்யுத்தம் என்றாலே அந்தக் குரல்தான். எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மல்யுத்தம் போடுவார்கள். மொட்டைமாடியில் இருந்த ஆண்டெனாவுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் காற்று பிடிக்காது. திரும்பிக்கொள்ளும், படம் முழுக்கக் கொசு மொய்க்கும். யாராவது மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் தெளிந்துவிடும். அந்த யாராவது நான்தான். "உன் கை ராசியான கை. நான் புடிச்சா வர மாட்டேங்குது, நீ புடிச்சா கண்ணாடி மாதிரி வருது" என்பான் அண்ணன். அவனுக்குப் பதிமூன்று, தங்கை எனக்குப் பத்து. நான் ஒரு மக்கு, நம்பினேன். வெயிலில் கால் சுடும் என்று ஒற்றைக்காலில் மாற்றி மாற்றி நிற்பேன். அதனால் கொக்கு என்று பெயரும் வைத்தான்.

"படம் தெரியுதா?" என்று நான் மேலிருந்து கத்துவேன். "தெரியுது! அசையாத!" என்று கீழிருந்து வரும். பிறகு மாடிப்படி வழியாக அவன் குரல் மட்டும் ஏறி வரும். "கொக்கு, கரடி வந்துட்டான்! நாற்காலியத் தூக்கிட்டான்! அடப்பாவி, முதுகுலயே போட்டுட்டான்!" கரடி என்பது தாடிக்காரன் ஒருவனுக்கு நாங்கள் வைத்த பெயர். எங்கள் ஆள் துண்டுக்காரன். தோளில் வெள்ளைத் துண்டோடு வருவான், யாருக்கும் துரோகம் செய்யமாட்டான். அவன் உடம்பு கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அண்ணன் சொன்ன மாதிரிதான் இருந்தான்.

பட்டத்துக்காக இருவரும் மோதிய நாள் மறக்காது. காலையிலிருந்து எனக்கு லேசாக ஜுரம். சொன்னால் மாடிக்கு விடமாட்டார்கள் என்று மறைத்துவிட்டேன். கரடி பின்னாலிருந்து துண்டுக்காரன் கழுத்தை வளைத்துப் பிடித்துவிட்டான். அது மயங்க வைக்கிற பிடி. ஆளுக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்க, கோடு போட்ட சட்டை நடுவர் கையைத் தூக்கி விடுவார். மூன்று தடவையும் விழுந்தால் தோல்வி. "ஒண்ணு! விழுந்துடுச்சு!" என்றான் அண்ணன். "ரெண்டு! ஐயையோ!" பிறகு சத்தமே இல்லை. நான் கம்பியைப் பிடித்தபடி "அண்ணா! என்ன ஆச்சு?" என்று அலறினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. "நின்னுடுச்சு கொக்கு! கை நின்னுடுச்சு!"

நான் இரண்டு கையையும் தட்டிக் குதித்தேன். கம்பி சாய்ந்து விழுந்தது. வீடு முழுக்கத் திட்டு விழுந்தது. படம் போய்விட்டதால் மிச்சச் சண்டையை அண்ணனே எனக்குச் சொன்னான். துண்டுக்காரன் எப்படி எழுந்தான், கரடியை எப்படித் தலைக்கு மேல் தூக்கினான் என்று நடித்துக் காட்டினான். அவன் கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு ஆனந்தக் கண்ணீர் என்றான்.

பிசியோதெரபி பெண் போன அன்றைக்கு அண்ணி பரணில் தேடி அவனுடைய பழைய நோட்டை எடுத்துத் தந்தாள். பத்திரிகையில் வெட்டிய மல்யுத்தப் படங்களுக்குக் கீழே அவர்களின் உண்மையான பெயர்கள் இருந்தன, வாயில் நுழையாத பெயர்கள். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் ஃபோனில் தேடினேன். மூன்றாம் நாள் அந்தச் சண்டையே கிடைத்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் விடுப்பு போட்டுவிட்டு வந்து, அண்ணன் முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஃபோனை நீட்டினேன்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டான். மணி அடித்து, கூட்டம் கத்தியதும் திறந்தான். துண்டுக்காரன் வந்தான். நாற்பது வருடத்துக்கு மேல் நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளம், லேசாகத் தொப்பைகூட இருந்தது. கரடி கழுத்தை வளைத்தான். கை ஒரு தடவை விழுந்தது, இரண்டாம் தடவை விழுந்தது. நடுவர் மூன்றாவது தடவை தூக்கியபோது, அண்ணனின் இடது கை சட்டென்று வந்து ஃபோனை மறைத்தது.

"எடு கைய" என்றேன். எடுக்கவில்லை. விரல் விரலாகப் பிரித்து விலக்கினேன்.

கை விழுந்தது. கரடியின் இடுப்பில் பட்டத்தைக் கட்டினார்கள்.

"அடப்பாவி!" என்றேன். "நாப்பத்தோரு வருஷம்! எத்தன பேர்கிட்ட ஜம்பமா சொல்லியிருப்பேன்! வெயில்ல கொக்கு மாதிரி நின்னவகிட்டயா புளுகுன?"

அண்ணனின் தோள் குலுங்கியது. பயந்து அவனைத் திருப்பினேன். சிரித்துக்கொண்டிருந்தான். பாதி முகம்தான் சிரித்தது, ஆனால் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. சத்தம் கேட்டுக் கரண்டியோடு ஓடிவந்த அண்ணி அப்படியே நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

"சரி, இப்ப நான்தான் நடுவர்" என்று அவன் வலது கையைத் தூக்கினேன். அது கனமாக, சில்லென்று இருந்தது. விட்டேன். மெத்தையில் விழுந்தது. "ஒண்ணு" என்றேன். மறுபடி தூக்கி விட்டேன். இந்தத் தடவை பல்லைக் கடித்தான், கழுத்து நரம்பு புடைத்தது. விழுந்தது. "ரெண்டு."

மூன்றாவது தடவை தூக்கியபோது அவன் கையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். அது பயம். நான் பார்க்கும்போது விழுந்துவிடுமே என்ற பயம். இத்தனை நாள் எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவி, அப்போதும் சரி இப்போதும் சரி, நான் அந்தக் கை விழுவதைப் பார்க்கக்கூடாது அவனுக்கு.

கையை விட்ட அதே நொடியில் திரும்பிக்கொண்டேன். இரண்டே எட்டில் போய் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"படம் தெரியுதா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. நீளமாக அடித்து ஓய்ந்தது. கை விழுந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

"அண்ணா! என்ன ஆச்சு?"

கட்டில் முனகியது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், உடைந்து, எச்சில் கலந்து, ஒரு குரல் வந்தது.

"நி... நின்... னு..."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றேன்.