உள்ளே வந்த தப்பு

கஹவத்தை சங்கீத சபையின் கச்சேரிகளுக்கு வரும் பிரதம விருந்தினரை வரவேற்கத் தேயிலைத் தோட்டத்துத் தப்படிப்பு வேண்டும். அடித்தவர்கள் மட்டும் மண்டபத்துக்குள் வரக்கூடாது. ஒவ்வொரு முறையும் வாசலோடு திரும்பிய உதயராஜ், இந்த வீணைக் கச்சேரியன்று விருந்தினருக்கு மாலை விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. அடித்தபடியே உள்ளே நுழைந்தான்.

சபைத் தலைவரான துணிக்கடை முதலாளி ஓடிவந்து கத்தினார். "போதும்ப்பா, வீணை தொடங்கணும். வெளிய டீ வச்சிருக்கு."

"டீ எங்ககிட்டயே மலை மலையா கெடக்குங்க முதலாளி. வீணைதான் கேட்டதில்ல."

"ஒனக்கு ராகம் வெளங்குமா?"

"முன்வரிசையில தூங்குறவங்களுக்கு வெளங்குற அளவுக்கு வெளங்குங்க."

மேடையில் வீணைக்கார அம்மா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். தப்பு ஓயவில்லை. வேறு வழியின்றித் தலைவர் தம் நாற்காலியில் கிடந்த சால்வையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். உதயராஜ் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தப்பை மடியில் கிடத்திய பிறகுதான் முதல் தந்தி ஒலித்தது.