ரோஜாவின் சுண்டுவிரல்

பகிரப்படாத ஆய்வு மானுடத்துக்கு இழைக்கப்படும் துரோகம். இந்த வாசகத்தைத் தங்க எழுத்தில் அச்சடித்து, கருத்தரங்கக் கூடத்தின் மேடைச் சுவரில் பதாகையாகக் கட்டியிருந்தார்கள். பதாகைக்குப் பின்னால் ஏர்கான் ஒழுகிப் பாசி படர்ந்த கறை இருந்தது. "இன்னும் ஒன்னரை அடி எறக்குங்க, இல்லாட்டி தெரியும்" என்று சொல்லிக் கொடுத்தவள் தாமரை. மூன்று வருடமாக அந்தக் கறையைத் தேய்த்துத் தோற்றவள் அவள்தான்.

கிள்ளானில் இருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் ஊழியர் இல்லை அவள். துப்புரவுக் குத்தகைக் கம்பெனியின் ஆள். காலை ஆறிலிருந்து இரண்டு வரை வேலை. அந்த வேலையில் இருந்த ஒரே நல்ல விஷயம் அந்த இரண்டு மணிதான். வாரத்தில் மூன்று நாள், மூன்று மணிக்கு, பண்டமாரான் வீட்டிலிருந்து புருஷன் கமலநாதனை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். துறைமுகத்தில் லோரி ஓட்டிய மனிதருக்கு இப்போது படி இறங்கவே ஒரு தோள் வேண்டியிருந்தது.

பத்து மணிக் கருத்தரங்குக்குப் பத்தேகால் வரை நான்கு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் பேச்சாளர், இன்னொருவர் தலைவர். ஆய்வுப் பகிர்வு உதவிப் பிரிவின் அதிகாரி மாதவி வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு மாநாட்டுக்குப் பண உதவி வேண்டுமானால் முதலில் இங்கே பேசிக் காட்ட வேண்டும். கேட்டவர்களில் முப்பது பேர் போனில் கருத்துப் படிவம் அனுப்ப வேண்டும். விதி அப்படி. முப்பது சேராவிட்டால் பேச்சாளர் டாக்டர் கிரிதரனுக்கு லிஸ்பன் மாநாடு இல்லை.

"அக்கா, உங்க ஆளுங்க எத்தன பேரு இருக்காங்க?"

"எதுக்கு மேடம்? எங்கயாச்சும் தண்ணி ஒழுகுதா?"

"இல்லக்கா. சும்மா வந்து ஒக்காந்தா போதும் லா. திங்க கரிபாப் இருக்கு, குடிக்க தே தாரேக் இருக்கு."

"ஒக்காரவா?"

அந்தக் கூடத்தின் இருநூறு நாற்காலிகளையும் துடைத்திருக்கிறாள். ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஜெயராஜ் படம் பிடித்துக் கம்பெனி வாட்சப்பில் போட்டுவிடுவான்.

இன்று ஜெயராஜையும் கூப்பிட்டிருந்தார்கள். காவலர்கள், கேன்டீன்காரர்கள், செடி வெட்டுகிறவர்கள், துப்புரவாளர்கள் எல்லாரும் பின்வரிசைகளில் நிறைந்தார்கள். ஜெயராஜ் இரண்டு கரிபாப்போடு வந்து தாமரையின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

டாக்டர் கிரிதரன் மேடை ஏறினார். தலைப்பே மூன்று வரி ஆங்கிலம். ஒப்பந்தத் துப்புரவாளர்களின் குரலைத் தான் உலகுக்கு எடுத்துச் செல்வதாக அவர் சொன்னது தாமரைக்குப் பாதி புரிந்தது. முன்வரிசை போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. காவலர் ஒருவர் குறட்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

அப்போது திரையில் இரண்டு கைகள் வந்தன.

அமிலம் தின்று தோலுரிந்த கைகள். இடது சுண்டுவிரல் நடு மூட்டிலிருந்து வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. எப்போதோ லோரிக் கதவில் நசுங்கியது. திரையில் அந்த விரல் மட்டும் ஆறடி இருந்தது. நெறிமுறைக் குழு சொன்னபடி முகத்தை ஒழுங்காக வெட்டியிருந்தார்கள். கீழே 'ரோஜா, வயது 49' என்று போட்டிருந்தது. தாமரையை மறைக்க டாக்டருக்குத் தோன்றியது இன்னொரு பூ.

போன வருடம் சாமான் அறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "பேரு வெளிய வராதுக்கா, சத்தியமா" என்று சொல்லித்தான் பதிவு செய்தார். அவளும் நம்பி எல்லாவற்றையும் கொட்டினாள். இப்போது அதை அவர் தமிழிலேயே, குரலை நடுங்க விட்டு, வாசித்தார்:

"மாசத்துக்கு ஒரு சோடி கிளவுஸ்தான் சார் குடுப்பாங்க. ஆனா வாராவாரம் வாங்குனதா சூப்பர்வைசர் சைன் வாங்கிக்குவான். மிச்சத்த எங்க விக்கிறானோ தெரியல."

ஜெயராஜின் கரிபாப் வாய்க்குப் பக்கத்தில் நின்றது. அவன் திரையைப் பார்த்தான். பிறகு தாமரையின் மடியைப் பார்த்தான். அவள் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் முன்வரிசையைத் தவிர, ரோஜா யாரென்று கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"கேள்விகள் உண்டா?" என்றார் தலைவர், இருக்காது என்ற நம்பிக்கையில்.

தாமரை எழுந்தாள்.

"டாக்டர், அது யாரு கைங்க?"

"அத நான் சொல்லக்கூடாதும்மா. எத்திக்ஸ் இருக்கு. ரகசியத்த நாங்க உயிரா மதிக்கிறோம்."

அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "நீங்க சொல்ல வேணாம். இந்தா இருக்கு. பேரு வராதுன்னு சத்தியம் பண்ணீங்க, இந்த வெரல வெட்டிப்போட்டுட்டா நான் வேலைக்கு வரமுடியும்? எங்க சூப்பர்வைசர் பக்கத்துலதான் ஒக்காந்து தின்னுக்கிட்டு இருக்காரு. இனி நான் எங்க போறது?"

காவலர் விழித்துக்கொண்டார்.

"வெரி குட்!" என்றார் கிரிதரன். "நான் இவ்வளவு நேரம் சொன்னது இதத்தான். இதுதான் அந்தக் குரல்! கைதட்டுங்க."

தட்டினார்கள்.

வெளியே வராந்தாவில் ஜெயராஜ் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நாளைக்கு நீ மேரு சைட்டு. கிளவுஸ் ஃபேக்டரி. ஒனக்குத்தான் கிளவுஸ் பிடிக்குமே. ஏழுலேருந்து ஏழு."

"மூணு மணிக்கு எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். ஒனக்குத் தெரியும்லே?"

"டாக்டர்கிட்ட சொல்லு லா. அவரு நல்லா கேக்கறாரு."

சொல்லித்தான் பார்த்தாள். கம்பெனிக்கு ஒரு போன் போடுங்கள் என்று கேட்டாள். கிரிதரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து, மிகுந்த வருத்தத்தோடு விளக்கினார்: "நான் தலையிட்டா ஆய்வோட நடுநிலை போயிரும்க்கா."

பிறகு அவள் போய்க் கூடத்தைப் பெருக்கினாள். ஜெயராஜ் கடித்துப் போட்ட கரிபாப்பையும் அவள்தான் பொறுக்கினாள்.

மறுநாள் விடியற்காலை, மேருவுக்குப் போகும் இரண்டாவது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது மாதவி கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க மட்டும் ஃபார்ம் அனுப்பலியே. இருபத்தொன்பதுல நிக்குது. இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. ரெண்டு நிமிஷ வேலக்கா, ப்ளீஸ்."

"இன்னிக்கு மூணு மணிக்கு எங்க வீட்டுக்காரர நீ வந்து கூட்டிப் போறியா?"

"அஞ்சு மணிதான்க்கா" என்று மாதவி திரும்பவும் சொன்னாள்.

"அப்ப இருபத்தொன்பதுலயே நிக்கட்டும்" என்று தாமரை போனை வைத்தாள்.

மூன்று மணிக்கு அவள் ஃபேக்டரி மூன்றாம் மாடியில் கழிவறை கழுவிக்கொண்டிருந்தாள். கமலநாதன் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

நான்கு ஐம்பதுக்கு முப்பதாவது படிவம் வந்து சேர்ந்தது. பேச்சாளருக்கு மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. நிரப்பியவர் பெயர், தாமரை. அனுப்பிய போன் டாக்டர் கிரிதரனுடையது.