வேடு கட்டிய பெட்டி

கல்லுடைக்கும் கிரஷர் ஓடத் தொடங்குமுன் சம்பூர்ணத்துக்கு முதல் வேலை கஞ்சிப் பானைக்கு வேடு கட்டுவதுதான். பானை வாயில் துணியைப் போர்த்தி, கழுத்தைச் சுற்றிக் கயிற்றால் இறுக்குவாள். அங்கே ஜல்லி அள்ளும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். கட்டாமல் விட்டால் மத்தியானம் குடிப்பது கஞ்சியா கலவையா என்று நாக்குக்கே தெரியாது. மற்றவர்கள் பழைய நூல் சேலையைக் கிழித்துக் கட்டினார்கள். சம்பூர்ணத்திடம் இருந்தது பட்டுத் துண்டு. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் தங்கச்சி, எண்ணெய்க் கறை பட்டு வெட்டிப் போட்ட மாம்பழ நிறத் துண்டைக் கொடுத்திருந்தாள். நூல் துணி விட்டுவிடுகிற பொடியைக்கூட அந்த நெசவு விடாது. "மகாராணி கஞ்சிக்குப் பட்டுக் கட்டிக்கினு வந்துட்டாங்கோ" என்று மற்றப் பெண்கள் தினமும் கேலி செய்தார்கள்.

அன்று கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோது மேஸ்திரி முனிரத்தினம் கூப்பிட்டார். அவர் பக்கத்தில் சுடிதார் போட்ட பெண் ஒருத்தி, கையில் ஒரு பெட்டியோடு நின்றாள். தாமல் ஊரைத் தாண்டி இருந்த அந்தக் கிரஷருக்குச் சென்னைக் காலேஜிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சில நாட்களாகியிருந்தன. கல்லுடைக்கும் இடங்களில் தூசி எவ்வளவு என்று பார்க்கிறார்களாம். ஆபீஸ் வாசலில் பீரோ உயரத்துக்கு ஒரு மிஷினை நிறுத்தியிருந்தார்கள்; அது பகலெல்லாம் உறுமிக்கொண்டிருந்தது. அளப்பது அதுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பெண்ணின் பெயர் லக்ஷணா. படிப்பு சென்னையில், வீடு சின்ன காஞ்சிபுரத்தில். அவள் அந்தச் சின்னப் பெட்டியைச் சம்பூர்ணத்தின் இடுப்பில் பெல்ட்டால் கட்டினாள். அதிலிருந்து ஒரு குழாய் தோள்வழியாக வந்து ரவிக்கைக் கழுத்தருகே முடிந்தது. குழாயின் நுனியில் ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வாய். வாய்க்குள் வெள்ளை வெளேரென்று ஒரு காகித வட்டம்.

"அம்மா, இது எதுக்குன்னா..." என்று லக்ஷணா ஆரம்பிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

"நீங்க ஆபீஸ் ரூம்ல போய் உக்காருங்க மேடம். உங்களுக்குத் தூசி ஆவாதுன்னு சொன்னீங்களே. நான் சொல்லிக்கிறேன்" என்றார் முனிரத்தினம்.

அவள் போனதும் அவர் சொன்னது இவ்வளவுதான். "ஃபாரின் சாமான். சாயங்காலம் வரைக்கும் கழட்டக் கூடாது. எதுனா ஆச்சுன்னு வச்சிக்கோ, உன் ஆயுசுக்கும் ஜல்லி அள்ளுனாலும் அடைக்க முடியாது."

சம்பூர்ணம் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வீட்டில் புருஷன் துரைக்கண்ணு படுக்கவும் முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறான். இதே கிரஷரின் வாயில் நின்று வருஷக்கணக்காகக் கல் தள்ளியவன். முதலாளி அவன் இருமலை டி.பி. என்றார், பீடி என்றார். வேலையை விட்டு நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிவிட்டார். இப்போது உலை கொதிப்பது இவள் கூலியில். இதில் ஃபாரின் சாமானுக்கு வேறு எங்கே போவது?

கல்லை ஏற்றும் கிரஷர் பெல்ட் ஓடத் தொடங்கியது. முதல் தூசி மண்டலம் கிளம்பி அவள் பக்கம் திரும்பியது. அந்த வெள்ளைக் காகிதம் அழுக்காகப் போகிறதே என்று அவளுக்குப் பதறியது. வாய் திறந்திருக்கிற எந்தப் பொருளையும் அங்கே யாரும் அப்படியே விடுவதில்லை. ஓடிப்போய்க் கஞ்சிப் பானையிலிருந்து பட்டுத் துண்டை அவிழ்த்தாள். நாலாக மடித்துக் குழாய் நுனியில் போர்த்தி, நூலால் இறுக்கி வேடு கட்டினாள். அப்புறம்தான் ஜல்லி அள்ளும் பாண்டைத் தூக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் வந்த முனிரத்தினம் அதைப் பார்த்தார். சற்று நேரம் நின்று பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, கட்டலாந்தானே?"

"நல்லாத்தான் கட்டிக்கிறே. அப்பிடியே இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். மேஸ்திரி வாயால் நல்ல வார்த்தை கேட்டு எத்தனை நாளாயிற்று! அவளுக்குத் தெம்பாக இருந்தது.

மத்தியானம் வேடில்லாத பானையைத் திறந்தாள். கஞ்சிமேல் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்திருந்தது. ஊதிவிட்டுக் குடித்தாள். பல்லிடுக்கில் நறநறவென்றது. ஒருநாள்தானே என்று விழுங்கினாள்.

சாயங்காலம் லக்ஷணா வருவதற்குள் பட்டுத் துண்டை அவிழ்த்துத் தூசி உள்பக்கமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வாங்கிய பொருளை வாங்கியபடி கொடுப்பதுதானே மரியாதை. காகிதம் காலையில் இருந்த வெள்ளையிலேயே இருந்தது. "ரொம்ப தேங்க்ஸ்மா" என்று லக்ஷணா பெட்டியை வாங்கிக்கொண்டாள். பூந்திக்கொட்டை போட்டு அலச வேண்டும் என்று வைத்திருந்த பட்டு, பையிலேயே கிடந்தது. அன்று இரவே துரைக்கண்ணு ரத்தமாகத் துப்பினான்; அந்த அலைச்சலில் அதை அலசவே இல்லை, பானைக்குப் பழைய நூல் துணியே போதுமென்று ஆயிற்று.

பெரியாஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டி.பி. மாத்திரை ரெண்டு தடவை முழுசா தின்னாச்சு. சளியில கிருமியே இல்ல. இது கல்லுப்பொடிம்மா. நுரையீரல்ல போய் உக்காந்துடுச்சு."

"அதையே எழுதிக் குடுங்க சார். முதலாளிகிட்ட காட்டறேன்."

"நான் எழுதினா, எங்க கிரஷர்ல தூசியே கெடயாதுன்னு அவர் வக்கீலை அனுப்புவார். காலேஜ்காரங்க அளக்கறாங்களாமே, அது வரட்டும். தூசி ஜாஸ்தின்னு அவங்க சொல்லிட்டா நானும் தைரியமா எழுதுவேன். வைத்தியச் செலவு அவர் தலையிலதான். கல்லு மேல தண்ணி தெளிக்கக் குழாயும் போட்டாகணும். தண்ணி தெளிச்சா தூசி எழும்பாதில்ல?"

சம்பூர்ணம் அன்றிலிருந்து அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். காமாட்சி கோயில் பக்கம் போகும்போதெல்லாம் தூசி நிறைய வரட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டாள். துரைக்கண்ணுவிடமும் சொன்னாள். அவனுக்குப் பேச மூச்சு போதவில்லை, தலையை ஆட்டினான்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் முனிரத்தினம் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். "ரிப்போர்ட்டு வந்துடுச்சு. நம்ம கிரஷர்ல ஆளுங்க மூக்குக்குத் தூசியே போறதில்லயாம். தண்ணியும் வேணாம், குழாயும் வேணாம். இனிமே எவனும் சும்மா இருமிக்கினு வரக் கூடாது."

"எந்த மிஷினு மேஸ்திரி அப்பிடிச் சொல்லுச்சு? ஆபீஸ் வாசல்ல நின்னுச்சே, அந்தப் பெரிசா?" என்று சம்பூர்ணம் கேட்டாள்.

"அது வாசல் காத்துக்கு. ஆளு மூச்சுக்கு உன் தோள்ல தொங்குச்சே, அதான்." இந்தத் தடவையும் சிரித்தார்.

அவள் கையிலிருந்த பாண்டு கீழே விழுந்தது. பொறுக்கக்கூடக் குனியவில்லை. கையை வெட்டிப்போட்டால் தேவலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்ன காஞ்சிபுரத்தில் விசாரித்துக்கொண்டே லக்ஷணாவின் வீட்டைக் கண்டுபிடித்தாள். சிவப்புத் தரை கண்ணாடியாகப் பளபளத்தது. கதவைத் திறந்த லக்ஷணாவின் அம்மா ரமாமணி, உட்காரச் சொல்லி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சம்பூர்ணம் மோரைத் தொடவில்லை. லக்ஷணா வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

லக்ஷணாவின் முகம் வெளுத்துவிட்டது. "துணி கட்டினேளா? காகிதத்துல ஒண்ணுமே இல்லைன்னதும் எனக்கே சந்தேகமா இருந்தது. இன்னொருத்தருக்கு மாட்டின பெட்டி பாட்டரி போயிடுத்து. மேஸ்திரியைக் கேட்டேன். அன்னிக்குப் பூரா தண்ணி தெளிச்சோம்னு சொன்னார். அதைத்தான் எழுதினோம்."

"அவருதான் பாத்தாரே பாப்பா! நான் கட்டுனதை நின்னு பாத்தாரே!"

லக்ஷணா மோர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொரு தபா மாட்டு. நான் ஒண்ணும் கட்ட மாட்டேன். தொடக்கூட மாட்டேன்."

"ஓனர் இனிமே எங்களை உள்ளயே விடமாட்டார்மா. ஒரு தடவைக்குத்தான் ஒத்துண்டார். எங்க சார்கிட்ட சொல்றேன். ஆனா ரிப்போர்ட் மேல போயாச்சு."

சம்பூர்ணம் பையிலிருந்து பட்டுத் துண்டை எடுத்துத் தரையில் வைத்து மடிப்பைப் பிரித்தாள். மாம்பழ நிறத்தின் நடுவில், நூல் கட்டிய வட்டத்துக்குள், சாம்பல் நிறத்தில் தடிப்பாகப் படிந்திருந்தது.

"இதோ இருக்குது. காகிதத்துக்குப் போக வேண்டியதெல்லாம் இதுல இருக்குது. எடை போட்டுப் பாரு பாப்பா."

"காகிதத்தை முதல்லயே எடை போட்டு வச்சிருப்போம்மா. அப்புறம் எவ்வளவு ஏறித்துன்னு பாப்போம். இந்தத் துணி முதல்ல என்ன எடைன்னு யாருக்குத் தெரியும்? இதை யாரும் ஒத்துக்க மாட்டா."

"இந்த ஊர்ல பட்டுக்கா எடை தெரியாது? என் தங்கச்சிக்குத் தறியில ஏத்தப் பாவு நூல் குடுக்கறவன் குண்டுமணி பிசகாம நிறுத்துத் தரான். நிறுத்துத்தான் திருப்பி வாங்கறான். இதுக்கு மட்டும் தராசு இல்லியா பாப்பா?"

லக்ஷணா கண்ணைத் துடைத்துக்கொண்டு துண்டை இரண்டு விரல்களால் தூக்கினாள். பட்டு மழமழவென்றிருந்தது. படிந்திருந்தது பாளமாகக் கழன்று தரையில் விழுந்து உடைந்தது. மெல்லிய புகை எழும்பியது. லக்ஷணா இரும ஆரம்பித்தாள்.

"ஐயோ, உள்ள போடி! உனக்குத்தான் ஆகாதே!" என்று ரமாமணி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சம்பூர்ணம் பதறிப்போய்க் கையாலேயே பொடியைக் கூட்டி அள்ளப் போனாள்.

"கூட்டாதேம்மா, பறக்கும்" என்றாள் ரமாமணி. அவள் குரலில் கோபம் இல்லை. அடுக்களைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, விரல்களால் அதன்மேல் மெதுவாகத் தெளித்தாள். ஈரத் துணியை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்தாள். சிவப்புத் தரை மறுபடியும் பளபளத்தது.

சம்பூர்ணம் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் இன்னும் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது.