சலவைக் கூடத்து ஜன்னல்

சலவைக் கூடத்தின் ஜன்னல்களைச் சட்டத்தோடு சேர்த்துப் பெயிண்டாலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். தெருப் புழுதி வெள்ளை விரிப்புகளில் படியக்கூடாதாம். உள்ளே கொதிகலனும் இஸ்திரிப் பெட்டிகளும் நாள் முழுக்க ஆவி கக்கின. மரம் ஈரத்தில் ஊறி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கத்தான் சூப்பர்வைசர் பெயிண்டரைக் கூப்பிட்டிருந்தார்.

பெயிண்டர் ஒரு பெண். அங்கே இஸ்திரி போடுகிறவளின் கூடப்பிறந்த தங்கை. போன வாரம் அக்கா வெக்கை தாங்காமல் மேசை மேலேயே மயங்கிச் சரிந்தாள். அது தங்கையின் நெஞ்சிலேயே நின்றது. அதனால் முதல் வேலையாக ஒரு ஜன்னலின் இடுக்கில் கத்தியை ஓட்டிப் பழைய பெயிண்டைக் கீறி, தோளால் ஓர் இடி இடித்தாள். ஜன்னல் முனகிக்கொண்டே திறந்தது.

"உனக்கு ஒரு கவளம் கூடப் போட்டு வளத்தது வீண் போகலடி," என்றாள் அக்கா, கழுத்தைக் காற்றுக்குக் காட்டியபடி.

இரண்டு நாள் திறந்தே போட்டு மரத்தை உலரவிட்டாள். உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, பெயிண்ட் அடித்து முடித்தபோது சூப்பர்வைசர் வந்தார்.

"ஈரத்தோட சாத்திட்டு, இடுக்கு மேல ஒரு கை பெயிண்ட் ஓட்டிடும்மா. அப்பதான் ஜன்னல் பழையபடி ஒட்டும்."

"காயணும் சார்."

"எப்பக் காயும்?"

"ஆவி அடங்கினா காயும்."

"இங்க என்னைக்கு ஆவி அடங்கியிருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

இஸ்திரி மேசைப் பக்கம் நின்ற பெண்களிடம் சிரிப்பு கிளம்பியது. சூப்பர்வைசரின் முகம் கறுத்தது. "சாத்தித் தருவியா, மாட்டியா?"

தங்கை பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்தாள். "அடிச்சுத் தரேன். ஒட்டித் தர மாட்டேன். உள்ள நிக்கறது என் அக்கா."

"அப்ப உனக்கு இனிமே இங்க வேலை இல்ல. வேற ஆளை வெச்சு ஒட்டிக்கறேன்."

தங்கை ஜன்னலை விட்டு நகரவில்லை.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வரச் சொல்லுங்க சார். ஜன்னலைச் சாத்திட்டு அந்தாளும் எங்களோட உள்ள நின்னுதானே அடிக்கணும்? எவ்வளவு நேரம் நிக்கறாருன்னு நாங்களும் பாக்கறோம்."

சொல்லிவிட்டுத் தங்கையின் பக்கத்தில் வந்து நின்றாள். ஒருத்தி பின் ஒருத்தியாக மற்றவர்களும் வந்தார்கள். விரிப்புகள் மேசையில் குவிந்து கிடந்தன.

சூப்பர்வைசர் அந்தக் குவியலைப் பார்த்தார். "புழுதி படிஞ்சா நீங்கதான் திரும்பத் துவைக்கணும்," என்று சொல்லிவிட்டு விடுவிடுவென வெளியே நடந்தார்.

"துவைச்சுக்கறோம்," என்றாள் அக்கா.